கொடைக்கானலில் ஓர் அமெரிக்க வரி அலுவலகம்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

அமெரிக்கக் குடியுரிமையோடு பழனி மலைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஆண்டுதோறும் அந்த நாட்டுக்கு வரிக் கணக்கு அனுப்பியாக வேண்டும். அந்த வேலையைக் கவனமாகவும் நேர்மையாகவும் செய்து தரும் ஒரு சிறிய அலுவலகம் கொடைக்கானல் ஏழு சாலைச் சந்திப்புக்கு அருகில், ஒரு மாடியறையில் இயங்குகிறது. நடத்துகிறவர் விளம்பரம் வேண்டாம் என்பவர், ஆகவே பெயரை எழுதவில்லை. சந்திப்பில் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் கேட்டால் "அமெரிக்கக் கணக்கு பார்க்கிற மேடமா?" என்று வழி காட்டுவார்கள். அங்கே கிடைத்த உதவி பலருக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். குறிப்பாக, அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

நான் நியூ ஜெர்சியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கேயே குடியுரிமை வாங்கினேன். இப்போது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையுடன் பெருமாள்மலையில் வசிக்கிறேன். என் கணவர் அதே அமெரிக்காவில் என்னோடு வாழ்ந்தும், குடியுரிமை வாங்காமல், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டோடு நின்றுகொண்டார். ஊர் திரும்பியதும் ஐ-407 படிவத்தில் கையெழுத்துப் போட்டு அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இருவருக்கு இரண்டு விதமான வரிச் சட்டம். அமெரிக்கக் குடியுரிமைக்கு என்ன விலை என்று யாராவது கேட்டால் எங்கள் இருவரின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். அவருடையது ஒரு மெல்லிய உறை. என்னுடையது ஒரு பெட்டி.

ஆடிட்டர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் அல்லர். அமெரிக்க வருவாய்த் துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் மூன்று பகுதித் தேர்வில் தேறி, என்ரோல்டு ஏஜென்ட் என்ற தகுதி பெற்றவர். அங்கே ஒரு கணக்கு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, பெற்றோரைக் கவனித்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டார். ரிட்டர்ன் என்கிற வரிக் கணக்கின் அடியில் தயாரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் தன் பதிவு எண்ணையும் போட்டுத்தான் அனுப்புகிறார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு ஒரு நகரத்து நிறுவனத்தில் நான் பணம் கட்டிச் செய்த ரிட்டர்னில் அந்த இடம் காலியாகவே இருந்தது. நானே தயாரித்ததுபோல் அனுப்பியிருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிப்பவர் கையெழுத்திட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். யாரிடம் போனாலும் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

பெரும்பாலான நாடுகள் தம் எல்லைக்குள் வசிப்பவரிடம் வரி கேட்கின்றன. எங்கே வசித்தாலும் குடிமகன் என்பதற்காகவே உலக வருமானம் முழுவதற்கும் கணக்குக் கேட்கும் நாடு அமெரிக்கா. கூடவே பெயர் சொல்லப்படுவது எரித்திரியா. இது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் முளைத்த வழக்கம். மெக்சிகோ நகரில் குடியிருந்த குக் என்ற அமெரிக்கர், மெக்சிகோவில் இருக்கும் சொத்தின் வருமானத்துக்கு அமெரிக்கா எப்படி வரி கேட்கலாம் என்று வழக்காடினார். குடிமகன் எங்கிருந்தாலும் அரசின் பாதுகாப்பு அவனுக்கு உண்டு, அதனால் கேட்கலாம் என்று 1924இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் நியூயார்க்கில் பிறந்தவர் என்பதாலேயே, தன் லண்டன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்காவில் வரி கட்டவேண்டி வந்தது. பிறகு அந்தக் குடியுரிமையை விட்டுவிட்டார்.

நான் முதன்முறை போனபோது மேடம் வருமானத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அக்கா, உங்கள் கையெழுத்து எந்தெந்தக் கணக்கில் செல்லும்?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்வியை முந்தைய நிறுவனம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்பையும் கூட்டி, ஆண்டில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்-பார் என்ற அறிக்கையை அனுப்ப வேண்டும். இது 1970ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தில் வந்தது. ஐ.ஆர்.எஸ்.சுக்கு அல்ல, ஃபின்சென் என்ற வேறொரு பிரிவுக்குப் போகிறது. ஆயுட்காலச் சேமிப்பை ஊர் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருக்கும் யாருக்கும் அந்த வரம்பு தாண்டிவிடும். சேமிப்புக் கணக்கு, வைப்புகள், சரண் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் அதில் சேரும். வரி ஒரு ரூபாய்கூட இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் அபராதம் உண்டு.

நான் எங்கள் தேவாலயப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொருளாளர். சங்கப் பணத்தில் எனக்கு ஒரு பைசா உரிமை இல்லை, காசோலையில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அந்தக் கணக்கையும் எழுத வேண்டும் என்றார் மேடம். சங்கத்துப் பெண்களிடம் சொன்னபோது பதறிவிட்டார்கள். காணிக்கைப் பணத்தை அமெரிக்கா எடுத்துக்கொண்டுவிடுமோ என்று ஒரு பாட்டி கேட்டார். மேடம் தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து, இது வெறும் தகவல்தான், பணத்தை யாரும் தொட முடியாது என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டுப் போனார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல். என் கணவரின் சேமிப்புக் கணக்குகளில் எல்லாம் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. என் பெயர் இருப்பதாலேயே முழு இருப்பும் என் எஃப்-பாரில் ஏறும். "நான் என்றைக்கு அந்த நாட்டுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன்? என் கணக்கை ஏன் அவர்களிடம் சொல்ல வேண்டும்?" என்று அவர் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடைசியில் சில கணக்குகளில் என் பெயரை எடுத்துவிட்டு வாரிசுதாரராக மட்டும் வைத்துக்கொண்டோம். அவசரத்துக்கு மருத்துவமனைச் செலவுக்கு எடுக்க வசதியாக ஒரு கூட்டுக் கணக்கை மட்டும் விட்டுவைத்தோம். தம்பதி இருவரும் ஒரே கணக்கில் பணம் வைத்திருப்பது நம் ஊரில் இயல்பான விஷயம். அந்த இயல்பை மாற்றிக்கொள்ள நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வங்கிக்குச் சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை வெளிநாட்டு வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்கிற ஃபாட்கா சட்டத்தை 2010இல் அமெரிக்கா கொண்டுவந்தது. 2015 ஜூலையில் இந்தியா அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அன்றிலிருந்து நம் வங்கிகளே அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை அனுப்புகின்றன. கணக்குத் தொடங்கும்போது பிறந்த நாடு, வரி செலுத்தும் நாடு என்று படிவத்தில் கேட்பது அதற்காகத்தான்.

அபராதம் எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதற்கு மேடம் பிட்னர் வழக்கைச் சொன்னார். ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிட்னர் தாய்நாடு திரும்பியிருந்த ஐந்து ஆண்டுகளுக்கு எஃப்-பாரைச் சரியான காலத்தில் அனுப்பவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி அபராதம் என்று அரசு 27 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. அறிக்கைக்கு ஒன்றுதான் அபராதம், கணக்குக்கு ஒன்று அல்ல என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அது 50,000 டாலராக இறங்கியது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு. ஒரு நீதிபதி மாறி நினைத்திருந்தால் கதை வேறு.

பயமுறுத்திப் பணம் பிடுங்குகிற ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், மேடம் அப்படிப்பட்டவர் அல்லர். எங்கள் அண்டை வீட்டுக்காரர் ஊர் திரும்பியபின் ரிட்டர்னே அனுப்பாதிருந்தவர். தெரியாமல் விட்டவர்களுக்கென்று ஐ.ஆர்.எஸ். வைத்திருக்கும் எளிய வழியில், மூன்று ஆண்டு ரிட்டர்ன், ஆறு ஆண்டு எஃப்-பார், ஏன் விட்டுப்போயிற்று என்ற உண்மையான விளக்கம், இவ்வளவையும் சேர்த்து மேடம் அனுப்பிவைத்தார். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வழியில் அபராதம் இல்லை. விளக்கக் கடிதத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் எழுதினார். ஆயத்தமாக வைத்த கடிதத்தில் கையெழுத்து வாங்கவில்லை.

இனி என் அப்பாவின் காபித் தோட்டம். பண்ணைக்காட்டில் காபி, மிளகு, கொஞ்சம் மலைவாழை, ஓரத்தில் பட்டர் ஃப்ரூட். அப்பா இறந்தபின் என் பங்காக வந்தது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர் தோட்டமோ விவசாய நிலமோ விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். இது வரை பலருக்கும் தெரியும். தெரியாதது அமெரிக்கப் பக்கம். அமெரிக்கர் அல்லாத ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சொத்து வந்தால், வரி இல்லாவிட்டாலும் 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். விட்டால் சொத்து மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் ஏறலாம். மேடம் இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து, அப்பா இறந்த நாளன்று தோட்டம் என்ன விலை போகும் என்று சான்று வாங்கச் சொன்னார். நாளை நான் விற்றால் அமெரிக்கக் கணக்கில் லாபம் அந்த மதிப்பிலிருந்துதான் தொடங்கும், அப்பா அந்தக் காலத்தில் கொடுத்த விலையிலிருந்து அல்ல. துக்க வீட்டில் இதைக் கேட்க யாருக்கும் தோன்றாது. அந்த ஒரு காகிதத்தின் மதிப்பு நான் இதுவரை அவருக்குக் கொடுத்த மொத்தக் கட்டணத்தைவிடப் பெரியது.

இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. பழத்தைப் பறித்து உலர்த்திப் பக்குவப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதத்தை மட்டும் வியாபார வருமானமாகக் கொள்கிறார்கள். அமெரிக்காவுக்கு இந்தச் சலுகை கணக்கில் இல்லை. காபி விற்ற பணமும் அங்கே வருமானம்தான். இங்கே வரி கட்டியிருந்தால் அதை அங்கே கழித்துக்கொள்ளலாம். விவசாயப் பங்குக்கு இங்கே வரியே இல்லாததால் அதற்குக் கழிக்க எதுவும் இல்லை. அதற்கும் மேலே, நானே முன்னின்று விவசாயம் செய்தால், அங்கே ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குமாக வாங்கும் சுயதொழில் வரி 15.3 சதவீதம். அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் அதிலிருந்து தப்ப வழி இல்லை. சுயதொழிலில் ஆண்டுக்கு 400 டாலர் நிகர வருமானம் வந்தாலே அந்த வரி தொடங்கிவிடும். கொடைக்கானலில் தங்கும் விடுதி, பேக்கரி, வீட்டுச் சாக்லேட் வியாபாரம் என்று ஏதாவது தொடங்க நினைக்கும் அமெரிக்கக் குடிமக்கள் இதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதிப்பதற்கு 2025ஆம் ஆண்டில் 1,30,000 டாலர் வரை வருமான வரி விலக்கு உண்டு. சுயதொழில் வரியை அந்த விலக்கு தொடாது. வட்டி, வாடகை, ஓய்வூதியத்துக்கும் அது பொருந்தாது.

தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாமா, நாமே பார்க்கலாமா என்று இரண்டு கணக்கும் போட்டுக் காட்டினார் மேடம். நிலையான குத்தகைத் தொகை வாங்கினால் அது வாடகை வருமானம், சுயதொழில் வரி இல்லை. குத்தகைக்கு விட்டோம். என் மனம் என்னவோ பறிப்புக் காலத்தில் தோட்டத்தில் நிற்கத்தான் விரும்புகிறது. அதையும் அவரிடம் சொன்னேன். "நிற்பதற்கு வரி இல்லை அக்கா, போய் நில்லுங்கள்" என்றார்.

ஆண்டுக் கணக்கு அவருக்கு உண்மையாகவே கடினமான வேலை. இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, அமெரிக்காவுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. வைப்புகளின் வட்டியை மாதம் மாதமாகப் பிரித்து, எந்த வட்டிக்குப் பிடித்த வரி எந்த ஆண்டில் சேரும் என்று இரண்டு வண்ணத்தில் அட்டவணை போட்டுத் தருகிறார். அந்த அட்டவணையை என் இந்திய ஆடிட்டரும் பயன்படுத்திக்கொள்கிறார். கணவர் அமெரிக்கர் அல்லாததால் நான் திருமணமானவர், தனியே தாக்கல் செய்பவர் என்ற பிரிவில் வருகிறேன். அந்தப் பிரிவில் ஐந்து டாலர் வருமானம் இருந்தாலே ரிட்டர்ன் அனுப்ப வேண்டும். ஐந்து டாலர்!

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் இருவரும் அங்கே உழைத்துச் சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசு ஓய்வூதியம் பெறுகிறோம். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அதற்கு அமெரிக்கா மட்டும்தான் வரி போடலாம், இந்தியா போடாது. என் கணவர் இப்போது அவர்களுக்கு அயல்நாட்டவர் என்பதால் ஓய்வூதியத்தில் 85 சதவீதத்துக்கு 30 சதவீத வரி, அதாவது 25.5 சதவீதம், மூலத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிப் பிடிப்பதில்லை. நிலையான கழிவு போக மீதிக்கு மட்டும் வரி, அது அவரிடம் பிடிப்பதைவிடக் குறைவு. ஆக, படிவங்களின் சுமை எனக்கு, பணத்தின் சுமை அவருக்கு. நர்ஸாக நான் பெற்ற வேலைப் பாதுகாப்பு, வாக்குரிமை, கிரீன் கார்டு பறிபோகுமோ என்ற பயமின்றி அம்மாவின் கடைசிக் காலத்தில் நெடுநாள் ஊரில் தங்க முடிந்தது, இவையெல்லாம் குடியுரிமை தந்தவை. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

கொழுந்தனார் மகன் டல்லாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது. "பெரியம்மா, குடியுரிமைக்கு மனு போடட்டுமா?" என்று கேட்டான். பின்னாளில் தாண்டிக்குடியில் காபி வறுக்கும் ஆலை வைக்க வேண்டும் என்பது அவன் கனவு. விடுமுறையில் வந்தபோது மேடத்திடம் கூட்டிப்போனேன். ஆலோசனைக்கு ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய்.

அவனுக்கு இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்.ஐ.பி. என்ற தவணை முதலீடு ஓடிக்கொண்டிருந்தது. மேடத்தின் முகம் மாறியது அங்கேதான். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் ஊர் ஃபண்டுகள் அமெரிக்கர் கையில் பி.எஃப்.ஐ.சி., அதாவது செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம், என்ற வகையில் விழுகின்றன. விற்கும்போது லாபத்தை வைத்திருந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, உச்ச விகிதமான 37 சதவீதம் வரை வரி போட்டு, பழைய ஆண்டுகளுக்கு வட்டியும் சேர்க்கிறார்கள். இதே பங்குச் சந்தை ஃபண்டின் நீண்டகால லாபத்துக்கு இந்தியாவில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் 12.5 சதவீதம்தான். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம் வேறு. சிறிய தொகைக்கு விலக்கு உண்டு, ஆனால் எஸ்.ஐ.பி. வளர வளர அந்த விலக்கு நழுவிவிடும். கிரீன் கார்டுக்கும் இதே விதிதான் என்று அவர் சொன்னபோது பையன் திகைத்தான். பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கும் அங்கே விலக்கு இல்லை. நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் தொடங்கும் சேமிப்பு வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதுதான், என் பார்வையில், இந்தக் குடியுரிமையின் உண்மையான விலை. கட்டும் வரியைவிட அது பெரியது.

பிறகு அவர் நிதானமாக விளக்கியது இது: ஊர் திரும்பினால் கிரீன் கார்டை ஒரு படிவத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதோடு உலக வருமானக் கணக்கு முடிகிறது. பதினைந்து ஆண்டில் எட்டு ஆண்டுகள் வைத்திருந்தவருக்கு மட்டும் வெளியேறும் வரி விதிகள் பொருந்தும். குடியுரிமையை விடுவது வேறு. தூதரகத்தில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். 2014இல் அதன் கட்டணத்தை 450 டாலரிலிருந்து 2,350 டாலராக உயர்த்தினார்கள், 2023இல் பழையபடி குறைக்க முன்மொழிவு வந்தது. கடைசி ஐந்து ஆண்டு வரிக் கணக்கு ஒழுங்காக இருந்தது என்று உறுதி கூற வேண்டும். நிகரச் சொத்து 20 லட்சம் டாலரை எட்டினால், எல்லாவற்றையும் அதற்கு முந்தின நாளே விற்றதாகக் கொண்டு வரி கணக்கிடுவார்கள், அதுதான் வெளியேறும் வரி. மனு போடு என்றோ போடாதே என்றோ மேடம் சொல்லவில்லை. "திரும்பி வருவது உறுதி என்றால் ஒரு கணக்கு, உறுதியில்லை என்றால் வேறு கணக்கு. முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் அதைப் பேசுங்கள்" என்று முடித்தார்.

குறைகளும் உண்டு. படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான், மூட்டு வலிக்காரர்கள் போனில் சொன்னால் கீழே வந்து காகிதம் வாங்கிக்கொள்கிறார். கனமழையில் இணையம் போனால் அன்றைய வேலை நின்றுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அவரைப் பிடிப்பது அரிது. சீசன் நெரிசலில் நமக்கும் போய்ச் சேர முடியாது, மதுரை, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து சொந்த வண்டியில் வருபவர்கள் வண்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ரிட்டர்ன் அனுப்பும் கெடு தானாகவே ஜூன் 15 வரை நீள்கிறது. கட்ட வேண்டிய வரி இருந்தால் ஏப்ரல் 15இலிருந்து வட்டி ஓடும். ஆகவே பிப்ரவரியிலேயே காகிதங்களைக் கொடுத்துவிடுவது நல்லது. என் ரிட்டர்னுக்கும் எஃப்-பாருக்கும் சேர்த்து 28,000 ரூபாய் வாங்குகிறார். மலிவு அல்ல, கேட்ட மற்ற இடங்களைவிடக் குறைவு. 8621 படிவங்களுக்குத் தனிக் கட்டணம். வெளியேறும் வரி பொருந்தும் அளவுக்குச் சொத்து உள்ளவர்களை அவர் எடுத்துக்கொள்வதில்லை, அதற்கென்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

வங்கி விவரத்தையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ வாட்ஸ்அப்பில் வாங்க மாட்டார். அனுப்பிவிட்டால் அழிக்கச் சொல்லித் திட்டுவார். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

கொழுந்தனார் மகன் இன்னும் மனு போடவில்லை. ஃபண்டுகளில் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டான், பழைய ரிட்டர்ன்களை மேடம் திருத்திக்கொண்டிருக்கிறார். டிசம்பரில் மனைவியையும் அழைத்துவருகிறான். இருவருக்குமாக இரண்டு மணி நேரம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.